தாத்தாவின் பெட்டிக்குள் இன்னொரு குடும்பம்

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை இடிக்கும்போது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. இறந்துபோன என் தாத்தாவுடையது. அவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்துக்காக அவரை நாடு கடத்திய உத்தரவு பெட்டியில் இருந்தது. கூடவே ஒரு ஸ்டுடியோ படம்: தாத்தா, ஒரு பெண், அவள் மடியில் கைக்குழந்தை. போர் முடிந்தபின் தாத்தா தோட்டத்து விலாசத்துக்கு எழுதி, ஆளில்லை என்று திரும்பி வந்த மூன்று கடிதங்கள். “பாப்பா பேசுகிறாளா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் நெகிழ்ந்துபோனேன். எழுபது வயது அப்பாவோ, “எல்லாத்தையும் கொளுத்து” என்கிறார். பண்ணையார் எதிரே வந்தால் ஊரே சைக்கிளை விட்டு இறங்கும், தாத்தா இறங்கமாட்டாராம். அந்த வீம்பால் வேலை போய், வீட்டில் பட்டினி. “அந்தப் புள்ளைக்கு உருகி உருகி எழுதியிருக்காரு. என்னை ஒருநாள் மடியில வெச்சதில்லை” என்கிறார். ராத்திரி தூங்குவதில்லை. மலேசியாவில் அந்தக் குடும்பத்தைத் தேடலாமா, விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தச் சைக்கிளைப் பற்றி. தோட்டத் துரைகளும் கிராணிகள் எனப்பட்ட தோட்டத்து எழுத்தர்களும் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும் என்பது அன்றைய மலாயாவில் நடைமுறை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, இனி இறங்கமாட்டோம் என்பதும் கிள்ளான் போராட்டத்தின் கோரிக்கை. முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கூலிச் சண்டை எப்படி விடுதலைப் போராட்டமாகும் என்று யாராவது கேட்டால், சைக்கிளைச் சொல்லுங்கள்.

ஆனால் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள். “அவர் தியாகிப்பா” என்றால், பட்டினி கிடந்த பையனை வாயை மூடச் சொன்னதாகத்தான் அவர் காதில் விழும். அவருக்கு வலிப்பது இன்னொரு மனைவி இருந்ததல்ல, கிடைக்காத மடி. அதை முழுசாகச் சொல்லவிடுங்கள். தாத்தாவுக்காக வாதாடாமல் கேட்பது பேத்திக்குக் கஷ்டம்தான்.

தாத்தா ஏன் அப்படி இருந்தார்? போனவரை வைத்து நான் நோய்க்குறிப்பு எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். கப்பலும் தபாலும் நின்றன. பல்லாயிரம் தமிழர்களை சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள்; ஏராளமானோர் திரும்பவில்லை. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்களா, இல்லையா? காரியம் செய்யவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. உளவியலில் இதை நிச்சயமற்ற இழப்பு என்போம். இதில் சிக்கியவர்கள் சிலர் அடுத்து வரும் குழந்தையிடம் நெருங்கவே பயப்படுவார்கள். அப்பா பேசி முடித்து, அவராக “ஏன் அப்படி இருந்தாரு?” என்று கேட்கும் நாளில் சைக்கிளையும் இதையும் சொல்லுங்கள், தீர்ப்பாக அல்ல, இப்படியும் இருக்கலாம் என்று.

தேடலாம் என்பதே என் கருத்து. அப்பாவின் சம்மதத்துக்குக் கொஞ்ச நாள் பொறுங்கள், வருஷக்கணக்கில் வேண்டாம். அந்தப் பாப்பா உயிரோடிருந்தால் எண்பத்தைந்தை ஒட்டிய வயது. உத்தரவிலுள்ள எண், தேதி, தோட்டத்தின் பெயரோடு கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். ஆள் கிடைத்தாலும், அவர்கள் உங்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். விட்டுவிட்டு ஓடியவர் என்றே தாத்தாவை அங்கே பேசி வந்திருக்கலாம். அப்போது கடிதங்களின் நகலை அனுப்புங்கள், விளக்கம் வேண்டாம்.

பெட்டியை எரிக்க விடாதீர்கள். ஒளித்தும் வைக்காதீர்கள், அந்த வீட்டில் ஒரு ரகசியம் போதும். “என்கிட்டதான் இருக்கு, எப்ப வேணும்னாலும் கேளுங்கப்பா” என்று சொல்லிவிடுங்கள். தூக்கமின்மை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஆலோசனைக்கு வர அவர் மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள்.