மெசியானுக்கு எப்படித் தாளம் போடுவது?

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யைக் கேட்டேன். முப்பது வருடமாகக் கர்நாடக சங்கீதம் கேட்கிறேன், மிருதங்கமும் கொஞ்சம் கற்றிருக்கிறேன். சங்கீத ரத்னாகரத்துத் தாளங்களை அவர் எடுத்தாண்டார் என்று சொல்லியிருந்தீர்கள். முதல் பகுதிக்கே தொடையில் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. அது என்ன தாளம்? இன்னொன்று, ஜெர்மன் கைதி முகாமில் மூன்று தந்தி மட்டும் இருந்த செல்லோவை வைத்து 5000 கைதிகள் முன் அதை வாசித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

தொடையில் தட்டிப் பார்த்தீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன், இரண்டாவது நிமிடத்தில் விட்டுவிட்டேன்.

மெசியான் எந்த வித்வானிடமும் உட்கார்ந்து தாளம் கற்றவரில்லை. சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவரின் 120 தேசி தாளங்களின் பட்டியல் ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். அதில் லகு (குட்டை), குரு (நெடியது), புலுதம் (அதைவிட நெடியது) என்று அளவுகள் இருந்தன. கை போடும் முறை இல்லை, ஆவர்த்தனமாகச் சுற்றி வரும் அனுபவமும் இல்லை. அதனால் அவருக்குத் தாளம் என்றால் நீளமும் குட்டையுமான கால அளவுகளின் ஒரு வரிசை. நீங்கள் தட்டிப் பார்த்த முதல் பகுதியில் பியானோவைக் கவனியுங்கள். ராகவர்த்தனம், சந்திரகலா, லட்சுமீசம் என்ற மூன்று தேசி தாளங்களைக் கோத்து 17 கால அளவுகள் கொண்ட ஒரு வரிசை செய்திருக்கிறார், அது திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் வாசிக்கப்படும் ஸ்வரக்கூட்டுகளோ, அதாவது பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பவையோ, 29. பதினேழு முடியும்போது இருபத்தொன்பது பாதியில் நிற்கும், இருபத்தொன்பது முடியும்போது பதினேழு எங்கேயோ இருக்கும். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க வேண்டுமென்றால் 493 ஸ்வரக்கூட்டுகள் போக வேண்டும், பகுதி முழுவதும் மூன்று நிமிடம்கூட இல்லை. ஆக, நீங்கள் காத்திருந்த சமம், தாளம் மறுபடி தொடங்கும் அந்த முதல் அடி, வரவே வராது.

இது தெரிந்தே செய்தது. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் தேவதூதன் 'இனி காலம் இராது' என்று அறிவிக்கிறானே, தலைப்பு அங்கிருந்து வருகிறது. தீவிர கத்தோலிக்கரான மெசியானுக்கு அது நம்பிக்கையும்தான், லயக் கணக்கும்தான். ஒரே சீராக விழும் அடியை அவர் லயமாகவே மதிக்கவில்லை, ராணுவ நடையின் இசையில் லயமே இல்லை என்பது அவர் கட்சி. நமக்கு இதை ஒப்புக்கொள்வது கஷ்டம், எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஆதி தாளத்தின் சீரான அடிமேல்தானே அத்தனை கோர்வைகளும் நிற்கின்றன? ஆனால் அவர் கண்டுகொண்ட ஒரு விஷயம் நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே இருக்கும் லயங்கள் மேல் அவருக்குத் தீராத ஆசை. டேங்கி தாளத்தில் குரு, லகு, குரு என்று அவருக்கு அதற்கு முன்னோடி கிடைத்தது. சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் தெரியும் அல்லவா, அதை எழுத்தில்லாமல் கால அளவில் செய்து பாருங்கள், அதேதான். ஆறாவது பகுதியில் நாலு வாத்தியமும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் இது நிறைய வருகிறது.

சரி, வாட்ஸ்அப். 1940 ஜூனில் மெசியான் ஜெர்மானியரிடம் பிடிபட்டார், வயது 31. கெர்லிட்ஸ் ஊரில் இருந்த எட்டு-ஏ கைதி முகாமில், 1941 ஜனவரி 15 அன்று, குளிரில், ஒரு கொட்டகையில் அரங்கேற்றம் நடந்தது. 5000 பேர், மூன்று தந்தி என்று பிற்பாடு சொன்னது மெசியானேதான். கொட்டகை சில நூறு பேருக்குத்தான் கொள்ளும். செல்லோ வாசித்த எத்தியென் பாஸ்கியே, என் செல்லோவில் நாலு தந்தியும் இருந்தது என்று கடைசிவரை சொன்னார், வாசித்தவர் சொல்வதை நான் நம்புகிறேன். அந்த மூன்று தந்திக் கதையைப் பரப்புகிறவர்கள் கார்ல்-ஆல்பர்ட் புரூலை விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். முகாமின் ஜெர்மன் காவலரான அவர்தான் மெசியானுக்கு எழுதத் தாளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தார், அப்புறம் மெசியான் முதலானவர்கள் ஊர் திரும்பப் போலி ஆவணத்துக்கும் உதவினார்.

திரும்பி வந்த மெசியான் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஆசிரியரானார், பின்னாளில் பெயர்பெற்ற இசையமைப்பாளர்களான பூலெஸும் ஸ்டாக்ஹவுசனும் அவரிடம் படித்தவர்கள். 1931 முதல் 1992இல் இறக்கும்வரை பாரிஸின் திரித்துவ தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். விடியலில் நோட்டுப் புத்தகத்தோடு காட்டுக்குப் போய்ப் பறவைகளின் குரலை ஸ்வரப்படுத்தினார். அதற்குத் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.

நீங்கள் மூன்றாவது பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தனிக் கிளாரினெட், வேறு துணையே இல்லை. முகாமுக்குப் போவதற்கு முன்பே, பிரான்ஸின் நான்சி நகர் பக்கம் ஒரு திறந்த வெளியில், சக கைதி ஆன்ரி அகோகாவுக்காக எழுதியது; பாஸ்கியே தாளைக் கையில் பிடித்துக்கொள்ள அகோகா வாசித்துப் பார்த்திருக்கிறார். இதை யாரால் வாசிக்க முடியும் என்று முணுமுணுத்தாராம். அகோகா யூதர், பின்னால் கைதிகள் ரயிலிலிருந்து கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்துத் தப்பியவர். அதில் ஒரு ஸ்வரம் காதுக்கே எட்டாத மெல்லிய ஒலியில் தொடங்கி, மூச்சு தீரும்வரை வளர்ந்துகொண்டே போகும். கையைத் தொடையிலிருந்து எடுத்துவிட்டு அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுதுங்கள்.