டை, ஆயில், சோப்பு: கம்பி இழுப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

சார், எங்களுடையது சின்ன கேபிள் யூனிட். 8 மி.மீ. செம்பு ராடு (தடித்த கம்பி) வாங்கி, டை எனப்படும் துளை அச்சுகள் வழியாக ஒவ்வொன்றாக இழுத்து, வீட்டு ஒயருக்கு 0.25 மி.மீ. வரை மெல்லிதாக்குகிறோம். பி.சி.டி. (வைரத் தூளை இறுக்கிச் செய்த) டை விலை கட்டுப்படியாகவில்லை. எல்லா இடத்திலும் கார்பைடு (கடினமான டங்ஸ்டன் கலவை) டை போட்டு ஓட்டலாமா?

ஓட்டலாம், கம்பியும் வரும். ஆனால் கணக்கை டை விலையில் போடாதீர்கள், செம்பு விலையில் போடுங்கள். 0.25 டை வெறும் 5 மைக்ரான் தேய்ந்து 0.255 ஆனால், கம்பியின் குறுக்குப் பரப்பு 4 சதவீதம் கூடிவிடும். 1,000 கிலோவில் முடிய வேண்டிய நீளத்துக்கு 1,040 கிலோ செம்பு போகும். வாங்குகிறவர் மீட்டர் கணக்கில்தானே காசு தருகிறார்? அந்த 40 கிலோ உங்கள் பாக்கெட்டிலிருந்து.

ராடு நுழையும் முதல் சில டைகளுக்குக் கார்பைடு போதும். விலை குறைவு, தேய்ந்தால் அடுத்த பெரிய சைஸுக்குத் திறந்துகொள்ளலாம். மெல்லிய சைஸ்களுக்கு, முக்கியமாகக் கடைசி டைக்கு, பி.சி.டி.தான்.

தேய்மானத்தைப் பார்க்க மைக்ரோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். 100 மீட்டர் கம்பியைச் சரியாக அளந்து நல்ல தராசில் வையுங்கள். 0.25 செம்புக் கம்பி ஏறக்குறைய 43.6 கிராம் வரும். 45-ஐ நெருங்கினால் டையைக் கழற்றுங்கள்.

அண்ணே, பதினேழாவது டையில்தான் கம்பி அடிக்கடி அறுகிறது. புது டை மாற்றியும் அதே கதை. ஆயில் சரியில்லையா?

தம்பி, முதலில் பதினாறாவது டையைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் பதினேழுக்குத் தடித்த கம்பி போகும். அந்த இடத்தில் மட்டும் இழுப்புச் சுமை ஏறி, கம்பி அறும். பதினேழைப் புதிதாக மாற்றினால் துளை இன்னும் சரியான சிறிய அளவில் இருக்கும், அறுவது கூடத்தான் செய்யும். டை செட்டை ஒன்றிரண்டாக மாற்றுபவர்கள் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள்.

செம்புக்கு ஒரு டையில் 26 சதவீத நீட்சி என்பது பழக்கமான கணக்கு, அதாவது 1.00 மி.மீ. கம்பி போய் 0.89 வர வேண்டும். உங்கள் செட்டில் ஒவ்வொரு ஜோடியையும் இப்படிப் போட்டுப் பாருங்கள், எது விலகுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அறுந்த முனையை லென்ஸில் பாருங்கள். ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் கூம்பாக இருந்தால் கம்பியின் நடு உள்ளுக்குள்ளேயே பிளந்திருக்கிறது. டையின் நுழைவுக் கோணம் அதிகமாகவும் சைஸ் குறைப்பு கொஞ்சமாகவும் இருக்கும்போது இப்படி ஆகும். செம்புக்கு மொத்தக் கோணம் 16 முதல் 18 டிகிரி இருந்தால் நல்லது. மலிவாக ரீகட் செய்து (தேய்ந்த துளையைத் திரும்பக் கடைந்து) தருகிற இடங்களில் துளை அளவைச் சரியாகத் தருவார்கள், கோணத்தையும் பேரிங் (துளையின் நேரான பகுதி) நீளத்தையும் கண்டுகொள்ள மாட்டார்கள். ரீகட் ஆகி வந்த டையின் கோணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

திங்கட்கிழமை காலை, இழுப்பு ஆயில் கலந்த தண்ணீர் டேங்கைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கிருமி மருந்து ஊற்றினால் இரண்டு நாள் சரியாக இருக்கிறது, மறுபடியும் வருகிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு.

ஞாயிறு முழுக்க பம்ப் நின்றிருக்கிறது, அதுதான் காரணம். காற்று படாத தண்ணீரில் வளரும் கிருமிகள் அவை. லீவு நாளிலும் பம்பைக் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள். மருந்து அதற்கப்புறம்தான். அடியில் செம்புத் தூள் சேறாகப் படிந்திருந்தால் அதையும் வழித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் எந்த மருந்தும் நிற்காது.

தண்ணீர் இதைவிடப் பெரிய விஷயம். டேங்கிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் ஆயில் பிரிந்து மேலே பிசுபிசுவென்று மிதக்கும். அன்றாடம் குறைவதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் வையுங்கள். நுரை கொஞ்சம் கூடலாம், அதற்குத் தக்க ஆயிலைக் கேளுங்கள். கலக்கும்போது தண்ணீரில் ஆயிலை ஊற்றுங்கள், ஆயிலில் தண்ணீரை அல்ல.

ஆயில் அடர்த்தி, ராடு இழுக்கும் மெஷினுக்கு 6 முதல் 10 சதவீதம், மெல்லிய கம்பிக்கு அதைவிடக் குறைவு. ரிஃப்ராக்டோமீட்டரில் (அந்த அடர்த்தியை அளக்கும் கருவி) மெஷினிலிருந்து கசிந்த வெளி எண்ணெயும் சேர்ந்து காட்டும், பழைய டேங்கில் அதன் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பி.எச். 8.5-க்குக் கீழே இறங்கினால் கிருமி வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கோவையில் பம்ப் மோட்டாருக்கு வைண்டிங் ஒயர் போடுகிறோம். கம்பி மேல் பூசும் எனாமலில் ஊசித்துளை விழுகிறது. கடைசி டைக்கு இயற்கை வைரம் போட்டால் தீருமா?

பளபளப்பு வரும். ஆனால் இயற்கை வைரம் ஒரே படிகம், திசைக்குத் திசை கடினம் மாறும், அதனால் துளை வட்டம் கெட்டுத் தேயும். நுண்ணிய வைர மணியுள்ள பி.சி.டி. முதலில் போட்டுப் பாருங்கள். மணி பெரிதாக இருந்தால் தேய்மானம் குறையும், பாலிஷ் குறையும். உங்களுக்கு வேண்டியது பாலிஷ். ஆனால் எனாமலைக் குத்துகிற சிலாம்பு பெரும்பாலும் கடைசி டையில் பிறப்பதில்லை. ஃபில்டரைத் திறந்து பாருங்கள். செம்புத் தூள் மினுமினுவென்று சுற்றிக்கொண்டிருந்தால் வைரம் போட்டும் பயனில்லை.

ஆணிக் கம்பி இழுக்கிறோம், 5.5 மி.மீ. இரும்பு ராடு, போராக்ஸ் (வெங்காரம்) கோட்டிங், ஆயிலுக்குப் பதில் சோப்புத் தூள். மழைக்காலம் வந்தால் டை சூடாகி, கம்பியில் கோடு விழுகிறது.

போராக்ஸ் ஈரம் உறிஞ்சும். கோட்டிங் ஆன ராடைச் சூடு ஆறுவதற்குள் இழுத்துவிடுங்கள், இரவெல்லாம் வெளியில் வைக்காதீர்கள். சோப்புப் பெட்டியையும் எட்டிப் பாருங்கள். ஈரத்தூள் கெட்டிப்பட்டு, கம்பி அதில் சுரங்கம் போல வழி செய்துகொண்டு போகும். பெட்டி நிறைய சோப்பு இருக்கும், டைக்குள் ஒன்றும் போகாது. கிளறிவிட ஏதாவது வேண்டும். இழுத்தபின் முலாம் பூசுவதாக இருந்தால் சோடியம் சோப்பு, தண்ணீரில் கழுவினால் போகும். அப்படி இல்லையென்றால் கால்சியம்.

செம்பு டேங்கிலேயே அலுமினியத்தையும் இழுக்கலாமா?

கூடாது. அந்தத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, அலுமினியத்தை அரிக்கும், கறை பிடிக்கும். 9.5 மி.மீ. அலுமினிய ராடுக்குத் தண்ணீர் கலக்காத தனி ஆயில், தனி டேங்க், கோணம் சற்று அகலமான டை. மெஷின் ஒன்றுதான் என்றால் இரண்டையும் எடுக்காதீர்கள்.