செட்டிநாட்டு வீட்டின் பழைய அடுப்படி அலமாரிக்கு அக்காலத்துக் கீலும் கைப்பிடியும் எங்கே கிடைக்கும்?

1930-களில் கட்டிய வீட்டின் அடுப்படியில் இருக்கும் தேக்கு அலமாரிக்கு, அந்தக் காலத்துக்கு ஒத்த கீல், கைப்பிடி, கொண்டி ஆகியவற்றை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இடத்தைச் சொல்வது எளிது: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பிரித்த வீடுகளின் சாமான்கள் வந்து சேரும் பழம்பொருள் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. ஆனால் போவதற்கு முன் அலமாரியை நன்றாகப் பார்த்துவிடுங்கள். கழன்றுபோன பிடியின் அடித்தகடு இருந்த இடத்தில் மரத்தின் நிறம் வேறாகத் தெரியும். அந்த வடிவத்தையும், கீல் பதிந்திருந்த பள்ளத்தையும், திருகாணித் துளைகளின் இடைவெளியையும் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டால் கடையில் ஊகித்து வாங்க வேண்டியிராது. அளவை அங்குலத்தில் குறியுங்கள். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல்தான் வந்தது என்பதால், மில்லிமீட்டர்க் கணக்கில் செய்த இன்றைய கீல் பழைய பள்ளத்தில் சற்றுக் கூடியோ குறைந்தோதான் நிற்கும்.

கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது வேலைப்பாடு மிகுந்த பித்தளையாகத்தான் இருக்கும். அவை வீட்டின் முன்பக்கத்து முகப்புக்கும், கூடமான பட்டாலைக்கும் உரியவை. அடுப்படி இருக்கும் பின்கட்டில் பெரும்பாலும் எளிய குமிழோ, இரும்பு வளையமோ, கொண்டியும் நாதாங்கியுமோதான் இருந்தன. யாளி முகம் வைத்த கைப்பிடியை அடுப்படி அலமாரியில் மாட்டுவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அம்மி அரைக்க உட்கார்வதைப் போன்றது. சாமான் அறை அலமாரிக்குப் பூட்டு வேண்டுமென்றால் பழையதைத் தேடி அலைய வேண்டாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே, கையால் செய்ததாகப் பார்த்து வாங்கலாம்.

பழையது என்று சொல்லி விற்பவை எல்லாம் பழையவை அல்ல. ஒரு சிறு காந்தத்தைப் பையில் வைத்திருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: மண் அச்சில் வார்த்த பித்தளையின் முதுகு சொரசொரப்பாக, அரம் போட்ட கீறலோடு இருக்கும். விரல் படும் விளிம்பு தேய்ந்து, மூலைகளில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தால் அது உண்மையான புழக்கம். எங்கும் ஒரே சீரான பச்சைக் களிம்பு என்றால் அமிலத்தின் கைவேலையோ என்று ஐயப்படலாம். திருகாணியையும் கவனியுங்கள். கூட்டல் குறி போட்ட தலை அமெரிக்காவிலேயே 1930-களின் நடுவில்தான் காப்புரிமை பெற்றது. உங்கள் அலமாரியில் ஒற்றைக் கோட்டுத் தலைதான் இருந்திருக்கும்.

ஆறு பிடி வேண்டிய இடத்தில் நான்குதான் கிடைக்கிறது என்றால், ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பித்தளை வார்ப்புப் பட்டறையில் மீதியைச் செய்துகொள்வதே என் கணிப்பில் நல்ல வழி. தொகுப்பு முழுமையாகக் கிடைக்கட்டும் என்று இன்னொரு வீட்டின் நல்ல அலமாரியைச் சிதைத்துக் கழற்றி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறும்போது பித்தளை நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை பங்கு சுருங்கும் என்பதால் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறிதாக வரும். குமிழில் அது கண்ணுக்குத் தெரியாது, துளை பொருந்த வேண்டிய கீலில் தெரியும். ஆகவே கீலை மட்டும் பழையதாகவே தேடிப் பிடியுங்கள்.

மாட்டும்போது பழைய துளைகளைத் தேக்குக் குச்சியால் அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும். கெட்டியான தேக்கில் பித்தளைத் திருகாணியை நேராக முறுக்கினால் தலை ஒடிந்துவிடும்; அதே அளவு எஃகுத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்தபின், பித்தளையில் சிறிது மெழுகோ சோப்போ தடவி ஏற்றச் சொல்லுங்கள்.