9,000 ரூபாய் பிராசஸரா, 42,000 ரூபாய் புது சிபியுவா?

கேள்வி: கும்பகோணத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன்தான் முக்கிய வருமானம். 2017-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ3-6100 பிராசஸர், 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். ஃபோட்டோஷாப் திறப்பதற்குள் கஸ்டமர் டீ குடித்துவிட்டே வந்துவிடுகிறார். பழைய ஐ7-7700 பிராசஸர் ஒன்றை 9,000 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். புது சிபியு 42,000 ஆகும். சேமிப்பு 50,000 இருக்கிறது. வேண்டுமானால் வளையலை அடகு வைக்கலாம் என்கிறார் மனைவி. எது லாபம்?

பதில்: வளையல் முதலில் பீரோவுக்குத் திரும்பிப் போகட்டும். கடையில் ஒரு மெஷின் மெதுவாக ஓடுகிறது என்பதற்காக வட்டி கட்டத் தேவையில்லை.

42,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் 9,000 சல்லிசாகத் தெரிகிறது. எத்தனை மாதம் உழைக்கும் என்று வகுத்துப் பாருங்கள். புது சிபியு 6 வருடம் ஓடும் என்று வைத்தால் மாதம் 583 ரூபாய். பழைய பிராசஸர் போட்ட மெஷினை இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டுவீர்கள் என்றால் மாதம் 500. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்றரை வருடம் என்று ஏன் சொல்கிறேன்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பணம் கட்டிக் கூடுதல் காலம் வாங்கலாம், அது தற்காலிகம்தான். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்களிடம் இருப்பது 6-ஆம் தலைமுறை, மெக்கானிக் காட்டுவது 7. சரி, 8-ஆம் தலைமுறையே போட்டுவிடலாமே என்றால், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது உங்கள் மதர்போர்டில் வேலை செய்யாது. ‘எப்படியாவது விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன்’ என்பார்கள். ஏறும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. நாள் முழுக்க ஊரார் பென்டிரைவைச் செருகும் கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, கோளாறு பிராசஸரில்தானா என்று யாராவது பார்த்தார்களா? ஒரு பெரிய ஃபிளெக்ஸ் ஃபைலைத் திறந்துகொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து, மெமரி 90-ஐத் தாண்டி, சிபியு (இங்கே பிராசஸரைத்தான் அப்படிச் சொல்லும்) மட்டும் 30, 40 என்று நின்றால் பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அப்போது ஐ7 போட்டாலும் கஸ்டமர் டீக்கடைக்குப் போய்த்தான் வருவார்.

அப்படியானால் ஒரு எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) 8 ஜிபி ராமும் போடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதால் செகண்ட் ஹேண்டாகவே கேளுங்கள். உங்கள் போர்டு ஏற்கும் ராம் வகை டிடிஆர்4-தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 8,000-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஸ்எஸ்டி மட்டும் போதும். நாளைக்குப் புது சிபியு வாங்கும்போது எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். அந்த ஐ7-ஐப் புதியதில் மாட்ட வழியில்லை.

அப்புறம், முகூர்த்த சீசன் வருமானத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். ஒரு வருடத்தில் 36,000 சேர்ந்துவிடும். சேமிப்பில் அதிகம் கை வைக்காமல் புதியது வாங்கலாம். அதுவரை நெட் பேங்கிங் எதையும் அந்த மெஷினில் செய்யாதீர்கள்.

டெஸ்டில் பிராசஸரே 100-ஐத் தொட்டு இறங்காமல் நின்றால் கதை வேறு. அப்போதும் ஐ7 வேண்டாம், சிபியு பெட்டியையே மாற்றுங்கள். 42,000-தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பெரிய ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடும் 8-ஆம் தலைமுறை ஐ5 மெஷின்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், உங்கள் பக்கத்திலும் விசாரியுங்கள். புதியதில் பாதி விலைக்குள், பில்லும் ஆறு மாத வாரண்டியுமாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மெலிந்த சின்ன கேபினெட் மட்டும் வேண்டாம். பவர் சப்ளை போனால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும்.

புதியதே வாங்கினால், ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லும் கடையில் ரொக்க விலையையும் கேளுங்கள். பிராசஸிங் கட்டணம், வட்டிக்கான ஜிஎஸ்டி, கைவிட்டுப்போகும் ரொக்கத் தள்ளுபடி இதெல்லாம் சேர்ந்தால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருந்தால் கட்டிய 18 சதவீதம் திரும்ப வராது. 42,000 என்பது வரியோடு சேர்த்தா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எதை வாங்கினாலும் மூன்று மாதக் கடை வாடகையைச் சேமிப்பில் தொடாமல் வையுங்கள்.

பழைய சிபியுவை எக்ஸ்சேஞ்சில் போட்டால் பெரிதாக ஒன்றும் தர மாட்டார்கள். கொடுப்பதானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். ஒன்பது வருடமாக ஸ்கேன் செய்த ஊராரின் ஆதார் நகல்கள் அதில்தான் இருக்கும்.