முதல் ஆல்பம் 52 நிமிடம்: ஒரே எல்பியில் அடங்குமா?

உங்கள் ராக் இசைக்குழுவின் 11 பாட்டுகளும், மொத்தம் 52 நிமிடம், ஒரே எல்பியில், அதாவது ஒரே வினைல் இசைத்தட்டில், அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடங்கும். ஆனால் ராக் ஆல்பத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் வரை கவலையில்லை. 22 வரை சமாளிக்கலாம். உங்கள் கணக்கில் பக்கத்துக்கு 26 வருகிறது. அவ்வளவும் உள்ளே போக, ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதற்காக ஒலியளவையும் பேஸையும் (தாழ்ந்த ஒலிகளை) குறைப்பார்கள். டிரம்ஸின் அதிரடி போய்விடும்.

11 பாட்டில் இரண்டை எடுத்துவிடுங்கள். முதல் ஆல்பம், எழுதியதெல்லாம் வந்தே ஆகவேண்டும் என்று தோன்றும், புரிகிறது. அவற்றைப் பிறகு சிங்கிளாக விடலாமே.

அப்புறம் அந்தக் கடைசிப் பாட்டு. தொண்டை கிழியப் பாடி, கிட்டார் அலறும் ஏழு நிமிடத்தை முடிவில் வைத்திருக்கிறீர்கள். தட்டின் நடுவை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் ஊசி கடக்கும் தூரம் குறைகிறது. அதே ஒலி குறுகிய இடத்தில் நெருங்குவதால், அங்கே உச்சஸ்தாயி ஒலிகள் மங்கும், ‘ஸ’ எல்லாம் சீறும். அதை இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்துக்கு மாற்றி, அக்கூஸ்டிக் கிட்டாரோடு நீங்கள் தனியாகப் பாடும் மெல்லிய பாட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மொத்தமாக அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரித் தட்டு கைக்கு வந்ததும், இரண்டு பக்கத்திலும் கடைசி மூன்று நிமிடத்தை முதலில் கேளுங்கள்.