கேரட்டைத் துப்பும் ஏழு மாதக் குழந்தை

கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு ஏழு மாதம். மலைவாழைப்பழமும் டப்பா மாவும் என்றால் சாப்பிடுகிறாள். கேரட், கீரை, பருப்பு எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுகிறாள். இரண்டு தடவை பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். ஒரு வயது வரை டப்பா மாவே போதும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். தேனில் குழைத்துக் கொடு என்கிறார் மாமியார். இந்தக் குளிரில் பழமும் தயிரும் கொடுத்தால் சளி பிடிக்குமோ என்றும் பயமாக இருக்கிறது."

உங்கள் மகளுக்குக் கேரட் பிடிக்கவில்லை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். இரண்டு தடவையில் அது தெரியாது. இனிப்பு மீது குழந்தைக்குப் பிறவியிலேயே ஆசை உண்டு, தாய்ப்பாலே இனிப்புதானே. கசப்பும் புளிப்பும் பழகித்தான் வர வேண்டும். ஒரு புதுச் சுவையை ஏற்றுக்கொள்ள ஒரு குழந்தைக்கு எட்டு, பத்து தடவை ஆகும். சில குழந்தைகளுக்குப் பதினைந்தும் ஆகலாம். அம்மாக்களில் பெரும்பாலோர் மூன்று, நான்கிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் கேரட்டை இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். துப்பினால் வாயைத் துடைத்துவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். கையைப் பிடித்துத் திணிக்க வேண்டாம். ஒரு நாள் விட்டு மறுபடி கொடுங்கள். முகம் சுளித்தாலும் விழுங்கினாளா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேரட்டை எப்படி வேகவைக்கிறீர்கள்? நம் மலை உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே வத்தலக்குண்டில் இருக்கும் உங்கள் அக்கா திறந்த பாத்திரத்தில் வேகவைக்கும் நேரம் இங்கே போதாது. காய் வெந்தது போலத் தெரியும், மசித்தால் நாரும் திப்பியுமாக நிற்கும். குழந்தை துப்புவது பல நேரம் அந்தத் திப்பியைத்தான். குக்கரில் வைத்து, விரலால் அழுத்தினால் கரைகிற அளவுக்கு வேகவிடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத கெட்டியாக மசியுங்கள். தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. முட்டையையும் கீழே வேகவைப்பதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக வேகவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு இந்தச் சுவைகள் முழுக்கப் புதியவையும் அல்ல. பிரசவமானதும் உங்களுக்குப் பூம்பாறைப் பூண்டு வைத்துக் குழம்பு கொடுத்திருப்பார்கள். தாய் சாப்பிடும் பூண்டு வாசம் பாலில் இறங்குகிறது, கேரட் சுவையும் அப்படித்தான். நீங்கள் இப்போது கீரையும் பருப்பும் சாப்பிட்டால் அவளுக்கு அது பாலிலேயே பாதி அறிமுகமாகிவிடும். டப்பா மாவில் இது நடக்காது. காலை, மதியம், இரவு எப்போதும் ஒரே சுவை.

மருந்துக்கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். சர்க்கரை என்றோ மால்டோடெக்ஸ்ட்ரின் (சர்க்கரைபோல உடனே செரிக்கும் மாவுப்பொருள்) என்றோ இருந்தால், உங்கள் மகள் அதை ஏன் விரும்புகிறாள் என்பது புரிந்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவை விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆனாலும் பையில் டப்பாவோடு, டாக்டரான என் அறைக்கே கம்பெனி ஆள் வந்திருக்கிறார். திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் வேறொருவர் வந்தார்.

இதில் எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். அரசுத் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். மூன்றரை மாதத்தில் ஒரு ஊசி, அடுத்தது ஒன்பதாம் மாதம்தான். திட உணவு ஆரம்பிக்கிற ஆறாம் மாதம் சரியாக நடுவில் விழுகிறது. தாய் எதற்காகவும் நம் வாசலுக்கு வரத் தேவையில்லாத நேரம் அது. ஒன்பதாம் மாதம் வந்தாலும் ஊசி போட்டு அட்டையில் குறித்து அனுப்பிவிடுகிறார்கள். "என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்க அரை நிமிடம்கூட இல்லையா? அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் ஆலோசகராகிவிடுகிறார். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவை வாங்கிக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் அதிலும் வெல்லம் உண்டு. நாளுக்கு ஒரு வேளை போதும்.

தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடியும் வரை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. சாலையோரம் பாட்டிலில் விற்கிறவர் சுத்தமான மலைத்தேன் என்று சத்தியம் செய்வார். அது உண்மையாகவே சுத்தமானதாக இருந்தாலும் இதே பதில்தான். தேனில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் விதைகள் இருக்கலாம். நம் அடுப்பில் காய்ச்சினால் அவை அழியாது. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை விடும். மலச்சிக்கல், பால் குடிக்கச் சக்தியில்லாமை, மெலிந்த அழுகை, கழுத்து துவள்வது என்று போகும். மாமியாரிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார் என்று என் பெயரிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் உப்பும் ஒரு வயது வரை தேவையில்லை.

சளி வைரஸ் கிருமியால் வருவது. பழத்தாலும் தயிராலும் வராது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கொடுக்காமல் இருந்தால் சரி.

ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு இரும்புச்சத்து பாலில் மட்டும் போதாது. முட்டை, மசித்த ஆட்டு ஈரல், கோழி, பருப்போடு கீரை எல்லாம் இப்போதே தொடங்கலாம். கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பீட்ரூட், பட்டாணி, நூல்கோல், வெண்ணெய்ப்பழம், பேரிக்காய் என்று நம் மலையிலேயே எத்தனை சுவை விளைகிறது! நாளைக்கு இரண்டு மூன்று வேளை, எட்டு மாதத்துக்குள் வேளைக்கு அரை டம்ளர் அளவு வந்தால் போதும்.

வேர்க்கடலையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை வரும் என்று பயந்து தள்ளிப்போடுவது தவறு. 2015-ல் வெளிவந்த லண்டன் ஆய்வில், சிறு வயதிலேயே வேர்க்கடலை கொடுத்த குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. வறுத்து நைசாகப் பொடித்து ராகிக்கூழில் கால் ஸ்பூன் கலந்து, காலை நேரத்தில் கொடுங்கள். முழுக்கடலை ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். ஆனால் கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், முட்டை சாப்பிட்டு ஏற்கெனவே தடிப்பு வந்த குழந்தைக்கும், முதல் முறை மருத்துவரைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். கரப்பான் என்று நான் சொல்வது, அரித்து நீர் வடிந்து, களிம்பு போட்டு ஆறி, மறுபடி மறுபடி வருவதை. மலைக்குளிரில் கன்னம் சிவந்து வெடிப்பது கரப்பான் ஆகாது. அதற்காக யாரும் கடலையை நிறுத்த வேண்டாம். கரப்பான் இருக்கிற குழந்தைக்கும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை, அந்தக் குழந்தைகளுக்குத்தான் சீக்கிரம் பழக்குவது அதிகம் உதவும். முதல் ஸ்பூனை மருத்துவரின் யோசனையோடு கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். எந்தக் குழந்தையாக இருந்தாலும் உதடு வீங்கினால், விடாமல் வாந்தி எடுத்தால், மூச்சு இழுத்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேரட்டை நாளைக் காலையே மறுபடி ஆரம்பியுங்கள். காலண்டரில் "மூன்றாவது தடவை" என்று எழுதி வையுங்கள்.