ஒயினில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும்தான் தெரிகிறதா?

கேள்வி: புனேவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் நாசிக் ஒயின் தோட்டங்களைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். ஒயினைக் குடித்துப் பார்த்திருக்கிறேன். புளிப்பும் துவர்ப்பும் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. செர்ரி வாசம், மிளகு வாசம் என்கிறார்களே, நிஜமா? எப்படிப் பழகுவது?

பதில்: புளிப்பும் துவர்ப்பும் பிடிபட்டுவிட்டதே, அப்புறம் என்ன? இனிப்பையும் சேர்த்தால் நாக்கின் வேலை கிட்டத்தட்ட அவ்வளவுதான். புளிப்பு, திராட்சையின் அமிலம். விழுங்கிய பிறகு எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் அமிலம் தூக்கல். துவர்ப்பு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின். சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்தே நொதிக்கவிடுவார்கள். வெள்ளைக்குப் பெரும்பாலும் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். வீட்டில் சோதித்துப் பாருங்கள்: டீத்தூளைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடிக்கும். அதிலேயே பால் ஊற்றினால் பிடிப்பு தளரும். பாலின் புரதம் டானினோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்பு ஒயினுக்குப் பக்கத்தில் சீஸ் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றதெல்லாம் மூக்கின் வேலை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மேசைமேல் வைத்தபடியே சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அப்போதுதான் வந்து சேரும். நம்பிக்கையில்லை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்துவிட்டுக் கையை எடுங்கள்.

செர்ரி சாப்பிட்டு வளராதவருக்கு செர்ரி வாசம் தெரியாதுதான். தெரிந்த வாசத்தைச் சொல்லுங்கள், போதும். நாசிக்கில் சோவின்யோன் பிளாங்க் என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் கொடுப்பார்கள். நறுக்கிய பச்சைக் குடைமிளகாயோ கொய்யாவோ நினைவுக்கு வரலாம். அது கற்பனை இல்லை. குடைமிளகாய்க்கு அந்த வாசத்தைத் தரும் பைரசின் என்ற வேதிப்பொருள் இந்தத் திராட்சையிலும் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் வாசம் மனதில் இருப்பவருக்கு மஸ்கட் ஒயினை அடையாளம் காண்பது சுலபம்.

யாராவது பத்து வாசனைகளை அடுக்கினால் மிரள வேண்டாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரான்சின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கான வர்ணனைகளே வந்து விழுந்தன!

பழகுவதற்கு நான் சொல்லும் ஒரே வழி, ஒற்றை கிளாஸோடு உட்காராதீர்கள். செனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளை ஒயின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் குடியுங்கள். எதில் புளிப்பு அதிகம், எது வாயில் நீண்ட நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். தனியாகக் குடிக்கும்போது பிடிபடாதது இப்போது பளிச்சென்று தெரியும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் அப்புறம். சிவப்பை முதலில் குடித்தால் அதன் துவர்ப்பு வெள்ளையை அமுக்கிவிடும்.

சிவப்பு ஒயினுக்கு அறை வெப்பநிலை என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் நிற்கும்.

நாசிக்கில் மிசல் பாவ் (காரமான பயறுக் குழம்பும் பன்னும்) பிரமாதம், ஆனால் அதை ஒயின் ருசி பார்த்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்க் காரத்தின்மேல் ஆல்கஹால் பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். சென்ட்டும் அன்று வேண்டாம். ஐந்தாறு ஒயின் வரிசையாக வரும். வாயில் சுழற்றித் துப்பப் பாத்திரம் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வண்டி ஓட்டுகிறவர் துப்பினால்கூடக் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் டிரைவர் வைத்துக்கொண்டு போங்கள்.